சோளகத்தோட மல்லுக்கு நிக்கிற பேராண்டிக்கு

வாய்யா கப்பல்காரரே! நயினாதீவுத் திருவிழாவுக்குப் போற கையோட, கூட்டாளி வள்ளத்துல பாய கட்டி நெடுந்தீவுக்கே ஓட்டப் போறியாமே? லயமே பேசிக்குது. நோட்டன் பிரிட்ஜ் அணைக்குள்ள கெஹெல்கமு ஓயா அலுங்காம கெடக்குறதப் பார்த்தே வளர்ந்த புள்ள நீ. அந்தத் தண்ணியாவது 1950லேர்ந்து லக்சபானவுக்கு எறங்கி கரண்ட் குடுக்குது. நீ?

சரி, கேளு. நாகபூசணி அம்மனுக்குத் திருவிழா ஆனி மாசம். ஆனின்னா சோளகக் காத்து. சோளகம் தென்மேற்கால இருந்து வரும். நெடுந்தீவு நயினாதீவுக்கு எந்தப் பக்கம்? அதே தென்மேற்குதான். அணியத்த நெடுந்தீவுக்கு நேர் வச்சேன்னு வையி, பாய் படபடன்னு அடிச்சுக்கும், வள்ளம் நிக்கும், அப்புறம் மெதுவா பின்னால நகரும். ஓட்டுறோம்னு நீ நெனச்சுக்கிட்டு இருப்ப.

காத்த விட்டு 45 பாகையாவது ஒதுங்கினாத்தான் பாய்ல காத்து பிடிக்கும். அதனால சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம், பீச்சக்கைப் பக்கம் கொஞ்சம்னு வெட்டி வெட்டித்தான் போகணும். நம்ம மலையில கொழுந்து லாரி ஏறுற ரோடு மாதிரி. நேர்ல 10 கிலோமீட்டர்னா, கெட்டிக்காரன் ஓட்டினாலே 14 ஆகும். நீ ஓட்டினா எத்தனைன்னு சொல்லி என் வாயக் கெடுத்துக்க மாட்டேன்.

பாய் மாத்துற எடந்தான் வேடிக்கை. அந்தப் பக்கம் ஆழமில்லாத கடல். அலை குட்டையா, செங்குத்தா, ஒண்ணு முதுகுல ஒண்ணு ஏறி வந்து மூஞ்சியில அறையும். ஓட்டம் கொறஞ்ச நேரத்துல சுக்கானத் திருப்பினியோ, பாதி வளைவுல வள்ளம் செத்து நிக்கும். அடுத்த அலை பழைய பக்கமே தள்ளிவிட்டுரும். மொதல்ல காத்த விட்டு இன்னுங் கொஞ்சம் வெலகி வேகம் எடு. பெரிய அலையெல்லாம் போகட்டும். தண்ணி சித்த தட்டையானதும் ஒரே மூச்சுல திருப்பு. திருப்பினதும் எல்லாரும் காத்து வர்ற பக்கம் மாறி உக்காரணும். அக்கரையில அதிராம்பட்டினத்துப் பக்கம் வத்தைன்னு ஒரு படகு. குறுக்கால பலகைய வெளிய நீட்டி, ஆளு அதுமேல போய் நிப்பான். காத்து ஏற ஏற அவனும் வெளிய வெளிய போகணும். உன் தொப்பைக்கு ஏத்த உத்தியோகம்.

வீராப்புல பாய முழுசா விரிச்சிராத, சுருக்கிக் கட்டு. வல்வெட்டித்துறை அன்னபூரணி அம்மாள் பாய்க்கப்பல் 1938ல அமெரிக்காவுல குளோஸ்டர் வரைக்கும் போச்சு. அதுல போன நம்ம ஆளுங்களே காத்தக் கேட்டுத்தான் போயிருப்பாங்க. நீ பீலியில குளிச்சு நீச்சல் கத்துக்கிட்ட ஆளு.

குறிகட்டுவான் துறையில எஞ்சின் படகும் நிக்கும், சும்மா சொல்லி வைக்கிறேன்.

உங்கம்மா மடுவத்துல கொழுந்து நிறுத்துட்டு வர்ற நேரம். சங்கதிய நீயே சொல்லிரு. ஆனா நேரா போயிராத ராசா, மொதல்ல தேத்தண்ணி ஊத்திக் குடு.