மாப்பிள்ளைப் பெண்

கிள்ளான் பெரியப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தச் சொல்லையும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தால், தான் தமிழ்தான் என்று அது ஒப்புக்கொண்டுவிடும். காப்பார் ஊர்ப்பலகையைக் கண்டால், “யாரு காப்பார்? முருகன் காப்பார்” என்பார். பக்கத்து ஊரான மேரு புராணத்திலேயே வந்துவிட்டதால் அதற்கு விசாரணையே இல்லை. சிலாங்கூரும் கோலாலம்பூரும் ‘ஊர்’ என்று முடிகின்றன. வழக்கும் அத்தோடு முடிந்தது. கோலா என்றால் மலாயில் ஆறு போய்ச் சேரும் இடம், லும்பூர் என்றால் சேறு, கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் அங்கேதான் கலக்கின்றன என்று நான் இழுத்தால், “சேறுன்னு எவனாச்சும் தலைநகரத்துக்குப் பேரு வைப்பானாடா?” என்று மடக்குவார். நியாயமான கேள்விதான். ஆனால் வைத்திருக்கிறார்களே!

பங்சார் அவருக்குப் ‘பங்கு சார்ந்த இடம்’. அங்கே முன்பு ரப்பர்த் தோட்டம் இருந்தது, புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டிக்கொண்டு பங்சார் ஆயின என்றேன். “கம்பெனின்னா பங்கு இருக்கும்ல?” என்றார். இப்படிப்பட்டவரோடு வாதாடுவதைவிட பெடரல் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்குக் கார் ஓட்டுவது மேல்.

சும்மா சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. பாதி நேரம் மனிதர் சரியாகச் சொல்லித் தொலைக்கிறார். மலாய்க்காரரின் கெடாய் நம் கடை. காப்பால் நம் கப்பல். வங்கி விளம்பரத்தில் வரும் மோடால் நம் முதல். வட்டி மட்டும் அவர்களுடையது. பின்வீட்டுத் தொட்டியில் வளரும் மிசாய் கூச்சிங் செடியைப் பிய்த்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி நம் மீசை. கூச்சிங் என்றால் பூனை. பெரியப்பா தன் மீசையைத் தடவிக்கொண்டே இதைச் சொல்வார்.

எனக்கு மிகவும் பிடித்தது மெம்பெலாய். மலாய்த் திருமண அழைப்பிதழ்களில் வரும் சொல். நம் மாப்பிள்ளைதான் என்றோ கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறார். போன இடத்தில் மரியாதை கூடி, மணமகன், மணமகள் இருவருக்குமே அந்தப் பெயர் பொதுவாகிவிட்டது. ஆகவே மணப்பெண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘மெம்பெலாய் பெரெம்புவான்’, அதாவது மாப்பிள்ளைப் பெண். இதைக் கேட்ட பெரியம்மா, “கல்யாணம் ஆனப்புறம் யாரு மாப்பிள்ளைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். அன்று முழுக்கப் பெரியப்பா ஆராய்ச்சி செய்யவில்லை.

ரொட்டி சானாய் விஷயத்தில் எங்கள் குடும்பமே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பெரியப்பா கட்சி, அது சென்னை ரொட்டி என்கிறது. சென்னைக்குப் போய் அதைக் கேட்டால் பரோட்டா என்கிறார்கள். ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் கேட்டால் பிராட்டா. சென்னை என்று சொல்லிச் சாப்பிடுகிறவர்கள் நாம் மட்டும்தான். எதிர்க்கட்சிக்கு அகராதி துணை: மலாயில் சானாய் என்றால் மாவை மெல்லியதாக விரிப்பது. அதே சொல்லுக்குத் தீட்டுவது என்றும் பொருள். பத்து சானாய் என்றால் தீட்டுகல். நமக்குத்தான் சாணைக்கல் தெரியுமே! ஆக, எதிர்க்கட்சி வென்றாலும் சொல் தமிழ்நாட்டுப் பக்கம்தான் கை காட்டுகிறது. இதைப் பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்கமாட்டார்.

பத்துமலை கதை வேறு ரகம். மலாயில் பத்து என்றால் கல். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரும் பத்துதான். கே. தம்புசாமி பிள்ளை அங்கே முருகனை எழுந்தருளச் செய்தார், 1892இல் தைப்பூசம் தொடங்கியது. கல் காதில் விழுந்ததும் எண்ணாகிவிட்டது. எண் வந்தால் கணக்குக் காட்டாமல் விடுவார்களா? தமிழ்நாட்டில் படைவீடு ஆறு, ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சந்நியாசிமலை சேர்த்து ஒன்பது, ஆகவே இது பத்தாவது மலை! கணக்கு சுத்தமாக இருக்கிறது. நேரடியாக மொழிபெயர்த்துக் கல்லுமலை என்றே வைத்திருக்கலாம். அந்தப் பெயரை ஈப்போ எடுத்துக்கொண்டுவிட்டது.

இவ்வளவு தமிழ்ப்பற்றுள்ள பெரியப்பா வாயைத் திறந்தால் வருவது என்ன? “காடியைச் சடக்கோரமா நிப்பாட்டிட்டு, பசார்ல மீன் வாங்கிட்டு, அப்படியே ரெண்டு தோசை தப்பாவ் பண்ணிட்டு வந்துரு.” காடியும் சடக்கும் இந்தி. பசார் பாரசீகத்திலிருந்து மலாய் வழியாக நடந்து வந்தது. தப்பாவ் கான்டனீஸ், பொட்டலம் கட்டுவது. மீனும் தோசையும்தான் நம்முடையவை. அவரிடம் சொன்னால், “சடக்கு தமிழில்லையா? எங்கப்பாவே அப்படித்தான் சொன்னாரு” என்பார். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

அந்த அப்பா, அதாவது என் தாத்தா, தோட்டத்துக்காரர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். அது இங்கிலீஷ்காரனின் பரேடு. அங்கே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நிற்பார். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பெயரெழுதும் கிராணி இந்துஸ்தானி வழியாக வந்தவர். கித்தா என்னும் ரப்பர் மரம் சீவுவார். மலாயில் கெத்தா என்றால் பிசின். அதே கெத்தாதான் இங்கிலீஷுக்குப் போய் கட்டபர்ச்சாவாகிக் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. தாத்தா நான்கு மொழியில் வேலை பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பி வந்து, தமிழில் களைத்துப் படுத்திருக்கிறார்.

சம்பளம் மட்டும் வெள்ளி. இன்றைக்கும் பத்து வெள்ளி, ஐம்பது காசு என்றுதான் பேச்சு. பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரம் பல் பல்லாய் இருந்ததால் மலாய்க்காரர்கள் அதை ரிங்கிட் என்றார்கள். 1975இல் அதுவே நாட்டுப் பணத்தின் பெயராயிற்று. அவர்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டோம். இப்போது கையில் இருப்பது தாள்.

பெரியப்பா தொடாத ஊர் ஒன்றே ஒன்று, பிரிக்பீல்ட்ஸ். 1881இல் கோலாலம்பூர் தீயில் வெந்து வெள்ளத்திலும் மூழ்கிய பிறகு, செங்கல்லில் கட்டச் சொன்னார் ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம். சூளை போட்ட இடத்துக்கு அந்தப் பெயர். இதில் தமிழைத் தேட இடமே இல்லை என்ற வருத்தத்தில், அங்குள்ள துன் சம்பந்தன் சாலைக்குப் போகும்போதெல்லாம் சற்று மௌனமாகவே இருப்பார்.

போன மாதம் அங்கே ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். மாமாக் என்பதும் நம் மாமாதான். பக்கத்து மேசையில் மலாய்ப் பையன்கள் ஒருவரையொருவர் “மச்சா, மச்சா” என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று பெரியப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சீன இளைஞன் வந்து, “ஆனே, தே தாரிக் சத்து, தப்பாவ்!” என்றான். தே ஹொக்கியன், தாரிக்கும் சத்துவும் மலாய், தப்பாவ் கான்டனீஸ்.

“பாத்தியா,” என்று என் தொடையில் தட்டினார் பெரியப்பா. “சீனப் பையன். சுத்தமான தமிழ்.”