ஃப்ளைட் மோட் பெரியப்பா

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. எல்லோரும் செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுக்கடலில் கப்பலின் டவர் போனைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் கட்டணம் எகிறிவிடும். அவரவர் போனைத் துழாவிக்கொண்டிருந்தபோது பெரியப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் திருச்சியிலேயே போட்டுட்டேன்" என்றார்.

போனைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

பெரியப்பா மாதிரி ஓர் ஆள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையைப் பார்க்க மாட்டார். செருப்பு விட்ட இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வார். இலை போடும்போதே தாம்பூலப் பை எந்தக் கதவுப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்திருப்பார். சினிமாவில் ஓர சீட்டுதான். வில்லன் சாகும் நேரத்தில் இவர் ஸ்டாண்டில் வண்டியை உதைத்துக்கொண்டிருப்பார். இதுவரை எத்தனை வில்லன்கள் செத்தார்கள், எத்தனை பேர் திருந்தினார்கள் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. பழனிக்குப் போனால், படியில் ஏறும்போதே இறங்குவதற்கு வின்ச்சில் எப்போது கூட்டம் குறையும் என்று கேட்பார். முருகன் நடுவில் வருவார்.

அவர் கருவூலத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருஷம் பில்லுக்கு டோக்கன் போட்டுக் கொடுத்த கை. உலகத்தில் எல்லாருக்கும் எல்லாமும் கிடைக்கும், ஆனால் டோக்கன் வரிசைப்படிதான் கிடைக்கும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே முதல் டோக்கன் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

போர்டிங் பாஸில் அப்படி ஒரு டோக்கன் இருப்பதை அவருக்குச் சொல்லித் தொலைத்தவன் நான்தான். பெயர், சீட், கேட் எல்லாம் அச்சடித்த சீட்டில் ஒரு மூலையில் வரிசை எண் ஒன்று இருக்கும். எத்தனையாவது ஆளாக செக்-இன் செய்தோம் என்பதற்கான கணக்கு அது. அதனால் பயணிக்கு ஐந்து பைசா பிரயோஜனம் கிடையாது. முதல் ஆளுக்குக் கூடுதலாக ஒரு இட்லிகூடத் தர மாட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு வாழ்வில் ஒரே லட்சியம்: 001.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக இந்தக் கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தான். சித்திரை வெயிலிலிருந்து தப்பிக்க நல்ல வழி. துணைக்குப் பெரியம்மாவும் நானும். திங்கள் மாலை சிங்கப்பூரில் ஏறி, செவ்வாய் பினாங்கு, புதன் புக்கெட், வியாழன் முழுக்கக் கடல், வெள்ளி காலை மறுபடி சிங்கப்பூர். அன்று இரவு ஏழரைக்குத் திருச்சிக்கு விமானம். மற்றவர்களுக்கு இது நான்கு ராத்திரிக் கப்பல் பயணம். பெரியப்பாவுக்கு இது வெள்ளிக்கிழமை விமானத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுவது.

விமானக் கம்பெனி 48 மணி நேரத்துக்கு முன்னால் வெப் செக்-இன் திறக்கும். வெள்ளி இரவு ஏழரையிலிருந்து பின்னால் எண்ணினால் புதன் இரவு ஏழரை. ஆனால் எந்த ஊர் ஏழரை? சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால். கப்பலோ எங்கே போனாலும் சிங்கப்பூர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா வலது கையில் ஒரு வாட்ச், இடது கையில் ஒரு வாட்ச், சட்டைப் பையில் போன் என்று மூன்று தேசத்தையும் உடம்பில் சுமந்தார். பஃபேயில் பக்கத்தில் நின்ற ஒருவர் மணி கேட்டபோது, "எந்த நாட்டுக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

"பெரியப்பா, ஏர்போர்ட் கவுன்டர்லயே சும்மா கொடுப்பாங்க. கவுன்டர்ல போர்டிங் பாஸுக்குத் தனியாக் காசு வாங்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல 2022-லயே விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லிடுச்சு."

"கொடுப்பான். எத்தனாவது நம்பர் கொடுப்பான்?"

பதில் சொல்ல முடியவில்லை.

செவ்வாய் மதியம் பினாங்கில் இறங்கினோம். ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து பொடிநடையாகப் போனால் லிட்டில் இந்தியா. பூக்கடை, மசாலா வாசனை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. குவீன் தெருவில் மாரியம்மன் கோயில், 1833-இல் கட்டியது. கடல் தாண்டி வந்த சனங்கள் முதல் காரியமாக ஆத்தாளுக்கு ஒரு கூரை போட்டிருக்கிறார்களே என்று பெரியம்மா கோபுரத்தைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். திரும்பிப் பார்த்தால் பெரியப்பாவைக் காணோம். நாலு கடை தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு தாள் பிரின்ட் எவ்வளவு?"

"அம்பது காசு, ஐயா. எத்தனை பக்கம்?"

"மூணு."

"போன்ல அனுப்பிடுங்க."

"இன்னும் வரல. நாளைக்கு ராத்திரி ஏழரைக்குத்தான் வரும்."

"அப்ப நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு நான் புக்கெட்ல இருப்பேன்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்புறம் இன்னிக்கு ஏன் ஐயா வந்தீங்க?"

"கடை இருக்கான்னு பாத்து வெச்சுக்கத்தான்."

கடை இருக்கும் ஊரில் பாஸ் இல்லை. பாஸ் வரும் நேரத்தில் கடை இருக்காது. இந்த விதியை நொந்தபடி, வந்ததற்குப் பத்து வெள்ளை ஏ-4 தாள் வாங்கிப் பிளாஸ்டிக் ஃபைலில் செருகிக்கொண்டார். எதற்கு என்றேன். "கப்பல்ல மிஷின் இருக்கும். பேப்பர் தீந்துபோச்சுன்னு சொல்லுவான்." அரசாங்க ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவருக்கு அச்சு இயந்திரங்களின் பலவீனம் தெரியும்.

புதன்கிழமை புக்கெட். கப்பல் படாங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. சின்னப் படகுகளில் கரைக்குக் கூட்டிப் போனார்கள். பெரியப்பா கடல் தண்ணீரில் கால் நனைக்கவில்லை. நனைத்தால் பேன்ட்டைச் சுருட்ட வேண்டும், சுருட்டினால் திரும்பும் படகுக்கு நேரமாகிவிடும். மூன்று மணிக்கே எங்களைக் கப்பலுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

ஏழு மணிக்கு, அதாவது புக்கெட்டின் ஆறு மணிக்கு, ஒரு நாள் இன்டர்நெட் பேக்கேஜ் வாங்கினார். ஒரு கருவிக்கு மட்டும். அந்தப் பணத்தை 24 மணி நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். அங்கேதான் சிக்னல் நன்றாக வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வானத்துக்குப் பக்கம் அல்லவா?

ஒரு வகையில் நியாயம்தான். கப்பல் இன்டர்நெட் வானத்தில் ஏறித்தான் வர வேண்டும். பழைய ஏற்பாட்டில் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வரை நம் வேண்டுதல் போய், அங்கிருந்து தரைக்கு இறங்கும். இப்போது பல கப்பல்களில் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் வேலையை முடித்துவிடுகின்றன. எங்கள் கப்பலில் இருந்தது எந்த ரகம் என்று நான் கேட்கவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தால் முதல் ரகம் என்றே தோன்றியது.

மேல்தளம் முழுக்கக் கூட்டம். படாங் மேற்கே பார்த்த வளைகுடா. அந்தமான் கடலில் சூரியன் இறங்கப் போகிறது. சீனக் கிழவர்கள், ஆஸ்திரேலியக் குழந்தைகள், குஜராத்திக் குடும்பங்கள் எல்லாரும் ஒரே பக்கமாகக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா மட்டும் வெயில் திரையில் விழக்கூடாது என்று சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஏழரை. பொத்தானைத் தட்டினார்.

பி.என்.ஆர். எண் மனப்பாடம், கந்த சஷ்டி கவசம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அடுத்த கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார். "கடைசிப் பெயர்" என்றது தளம். தமிழனுக்கு ஏது கடைசிப் பெயர்? தன் பெயரைப் போட்டார். பொருந்தவில்லை. இனிஷியலோடு போட்டார். பொருந்தவில்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் தாத்தா பெயர் இருந்தது. பெரியம்மாவுக்கு அங்கே பெரியப்பா பெயர். எனக்கு என் அப்பா பெயர். ஒரே குடும்பம், ஒரே டிக்கெட், மூன்று கடைசிப் பெயர். தாத்தா பெயரைப் போட்டதும் கதவு திறந்து, அவரை அன்போடு விளித்து, ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்டது. தாத்தா காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது அவர் ஏறிய பெரிய வாகனம் கரூர் டவுன் பஸ்.

"தாத்தாவுக்கு யோகம்தான்" என்றேன்.

"பேசாத. நிமிஷம் ஓடுது."

ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, கால் நீட்டும் சீட்டுக்கு அதைவிடக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, காப்பீட்டுக்குக் காசு. ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, தீபாவளி நேரத்து ஜவுளிக்கடை வாசல் மாதிரி அடுத்தது வந்து கையைப் பிடித்து இழுத்தது. கடைசியில் எல்லாம் தாண்டி, திரையில் வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

அவருக்குப் பின்னால் பெரிய வட்டம் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கை தட்டினார்கள்.

"என்னடா, வந்திருச்சா?" என்று பெரியப்பா திரையை உற்றுப் பார்த்தார்.

பெரிய வட்டம்தான் போயிருந்தது. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாஸ் வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஐந்து. மேற்கே கொஞ்சம் கத்திரிப்பூ நிறம் மட்டும் மிச்சம். மூன்று பாஸையும் விரலால் பெரிதாக்கி மூலையைப் பார்த்தார்.

003. 004. 005.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை வரவேற்பு மேசைக்குப் போனோம். அங்கிருந்த பெண் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, இரண்டு நிமிஷத்தில் காசில்லாமல் அச்சடித்துக் கொடுத்தாள். அவளுக்குப் பெரியப்பா ஃபைலிலிருந்து மூன்று பினாங்குத் தாளை எடுத்து நீட்டினார். வேண்டாம், எங்களிடமே இருக்கிறது என்று சிரித்தாள். அது அவருக்குச் சின்ன ஏமாற்றம்தான்.

பார்கோடுக் கட்டம் மடங்கினால் மிஷின் படிக்காது என்று அந்தத் தாள்களுக்கு ராஜ மரியாதை. காந்தப் பட்டை ஒட்டிய அட்டைகளுக்குப் பதில் 2010 இறுதிக்குள் எல்லா விமானக் கம்பெனிகளும் பார்கோடுக்கு மாறிவிட வேண்டும் என்று அவற்றின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா வைத்த கெடுவின் பலன் அந்தக் கறுப்புக் கட்டம். அதற்குள்ளேயே பெயர், பி.என்.ஆர்., சீட்டு, அந்த வரிசை எண் எல்லாம் ஒளிந்திருக்கும். தேதிகூட, வருஷத்தில் எத்தனையாவது நாள் என்று எண்ணாகவே இருக்கும். இதைச் சொன்னதும் பெரியப்பா முதல்முறையாக முகம் மலர்ந்தார். "நம்ம ஆபீஸ் மாதிரியே யோசிச்சிருக்கான்."

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெட்டி போடும் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தாள். பெரியப்பா நீட்டிய தாள்களைப் பார்க்காமலே மூன்று புது அட்டைகளை அச்சடித்துக் கொடுத்தாள். அவற்றிலும் 003, 004, 005. "அப்ப 001 யாரும்மா?" என்று தமிழில் கேட்டார். அவள் "ஹேவ் எ நைஸ் ஃப்ளைட்" என்றாள்.

கேட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். அங்கே எங்களுக்கும் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். பக்கத்தில் அவர் மனைவி, பெரியம்மாவைப் போலவே களைத்த முகத்தோடு. இரண்டு ஃபைல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நீங்க எத்தனை?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணு, ரெண்டு."

"எந்தக் கப்பல்?"

அதே கப்பல்தான்.

"நெட்டு எப்படிங்க கிடைச்சுது? நான் ஏழரைக்கே ஏறிட்டேன்."

"எனக்கு எதுக்குங்க நெட்டு? துபாய்ல பொண்ணு இருக்கா. பி.என்.ஆரைக் கிளம்பறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன், அவ அங்கிருந்து போட்டுட்டா. நான் மேல நின்னு சூரியன் அஸ்தமனம் பாத்துக்கிட்டிருந்தேன். என்னா காட்சிங்க! நீங்க பாத்தீங்களா?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. வலது கை வாட்சைப் பார்த்தார், இடது கை வாட்சைப் பார்த்தார்.

விமானத்தில் பணிப்பெண் வந்து போன்களை ஃப்ளைட் மோடில் போடச் சொன்னாள். "இவர் எப்பவோ போட்டுட்டாரும்மா" என்றார் பெரியம்மா. அப்புறம் தன் போனிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவரிடம் காட்டினார். புக்கெட் அஸ்தமனம். கடல் பொன்னாய்க் கிடக்கிறது, சூரியன் பாதி முங்கியிருக்கிறது. ஓரத்தில் கூன் போட்டுக்கொண்டு, கையில் போனோடு பெரியப்பா.

அவர் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். என்னமோ உருகிவிட்டார் என்றே நினைத்தேன். படத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருந்த நேரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"7:32. பாத்தியாடா? அப்பவே நான் உள்ள போயிட்டேன். தாத்தா பேருதான் கெடுத்துச்சு."

சொல்லிவிட்டு, படத்தில் தன் கையிலிருந்த போனைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று அதை விரலால் பெரிதாக்கினார். சூரியன் திரைக்கு வெளியே போய்விட்டது.