பூஜ்ஜியத்துக்கு முன்னால் இன்னொரு பூஜ்ஜியம்

பிரான்ஸின் நார்மண்டியில் சாந்த்-மேர்-எக்ளீஸ் என்று ஒரு சின்ன ஊர். டவுன் ஹால் எதிரே ஒரு கிலோமீட்டர் கல் நிற்கிறது. எண் 0. இங்கிருந்து பெல்ஜியத்தின் பாஸ்தோன் வரை 1,100 கிலோமீட்டருக்கும் மேலே, கிலோமீட்டருக்கு ஒரு கல் என்று கணக்கு. 1944-ல் ஜெனரல் ஜார்ஜ் பேட்டனின் அமெரிக்க மூன்றாம் படை நாஜிகளை விரட்டிய 'விடுதலைச் சாலை' இதுதான்.

அப்பாடா, ஆரம்பத்தைப் பார்த்துவிட்டோம் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனால், யூட்டா பீச்சில் இன்னொரு கல். அதில் எண் 00! கணக்கு வாத்தியாரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஊர்ப் பெருமைக்கு ஏது கணக்கு வாத்தியார்?

இதைவிடப் பெரிய கூத்து, இரண்டு பூஜ்ஜியத்திலும் பேட்டன் இல்லை. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய ஜூன் 6 அன்று, மற்றவர்கள் கரையேறி, குண்டடி பட்டுக்கொண்டிருந்தபோது ஐயா இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியரை ஏமாற்ற, காற்றடைத்த ரப்பர் டாங்கிகள் கொண்ட ஒரு டுபாக்கூர் படைக்கு அவர்தான் தளபதி. முந்தின வருஷம் சிசிலியில், மருத்துவமனையில் கிடந்த இரண்டு சிப்பாய்களை அறைந்து பெயரைக் கெடுத்துக்கொண்டவர் வேறு. அவர் பிரான்ஸுக்கு வந்ததே ஜூலையில். படை களமிறங்கியது ஆகஸ்ட் 1. ஹீரோ என்ட்ரிக்கு முன்பே கட்-அவுட் வைப்பது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை போல!

கல்லை உற்றுப் பாருங்கள். கடலிலிருந்து எழும் தீப்பந்தம். உச்சியில் சுற்றி 48 நட்சத்திரங்கள். பேட்டனோடு இணைப்பு அதிகாரியாக இருந்த கி த லா வாஸ்ஸலே என்ற பிரெஞ்சுக்காரர் முன்னின்று நடத்த, 1947-ல் சாலை திறக்கப்பட்டது. அன்று அமெரிக்காவில் 48 மாநிலங்கள்தான். அலாஸ்காவும் ஹவாயும் 1959-ல் வந்து சேர்ந்தன. லேட்டாக வந்தால் சீட் கிடையாது!

வரிசையாக நிற்கும் கற்களைப் பார்த்தால், பேட்டன் ஏதோ ஹைவேயில் ஒரே சீராகக் கார் ஓட்டிப் போனது போலத் தோன்றும். ஆகஸ்டில் நிஜமாகவே பறந்தார். மாசக் கடைசியில் வெர்டன் வந்து சேர்ந்தார். அங்கே பெட்ரோல் தீர்ந்தது. உலகமே நடுங்கிய டாங்கிப் படை, கேன் வருமா என்று ரோட்டைப் பார்த்து நின்றது. அடுத்த ஊர் மெட்ஸ், அறுபது சொச்சம் கிலோமீட்டர்தான். அது கைக்கு வந்தது நவம்பர் 22. கற்கள் மட்டும் அங்கேயும் கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கின்றன.

பிறகு மழை. பேட்டன் சும்மா இருப்பாரா? படைப் பாதிரியாரைக் கூப்பிட்டு, நல்ல வானிலை வேண்டி ஒரு பிரார்த்தனை எழுதச் சொன்னார். அச்சடித்துச் சிப்பாய்களுக்கு விநியோகம். டிசம்பர் கடைசியில் வானம் வெளுத்தது. பாதிரியாருக்கு மெடல்! வேலையை முடித்துக் கொடுத்தவருக்கு மேலே யாரும் எதுவும் அனுப்பவில்லை.

அதற்குள் ஜெர்மானியர் பாஸ்தோனைச் சுற்றி வளைத்திருந்தார்கள். டிசம்பர் 26 அன்று பேட்டனின் டாங்கிகள் அந்த முற்றுகையை உடைத்தன. உள்ளே மாட்டியிருந்த அமெரிக்காவின் 101-வது வான்குடைப் படைப் பிரிவுக்காரர்கள் நன்றி சொன்னார்களா? "எங்களை யாரும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை" என்பது அவர்கள் கடைசிவரை விடாத கட்சி.

இத்தனை குண்டுக்கும் தப்பிய பேட்டன், போர் முடிந்தபின் 1945 டிசம்பரில், வேட்டைக்குக் காரில் போகும்போது லாரியோடு மோதிப் பட்ட காயத்தால் இறந்தார். லாரி அமெரிக்க ராணுவத்துடையது.

கற்கள் பொய் சொல்லவில்லை. தூரத்தை மட்டும் சொல்கின்றன. அந்தப் பக்கம் போனால், எத்தனையாவது கல் என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். முந்தின கல்லிலிருந்து இதுவரை வர எத்தனை நாள் ஆயிற்று என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். சரித்திரம் அங்கேதான் இருக்கிறது.