பேரீச்சம்பழத்துக்குப் போகாத வண்டி

பழைய இரும்புக்காரர் இப்போதெல்லாம் கம்பைநல்லூர்த் தெருக்களில் தொண்டை வறளக் கத்துவதில்லை. பதிவு பண்ணிய குரல் ஒன்று ஒலிபெருக்கியில் அவருக்குப் பதிலாகக் கத்துகிறது. பேரீச்சம்பழமும் கிடையாது, எடை போட்டுக் கைமேல் காசு. அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் எங்கள் தெருவில் நாலைந்து ஆம்பளைகள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவோம். விற்க அல்ல, காவலுக்கு.

என் காவலில் இருப்பது புங்கமரத்தடியில் நிற்கும் டி.வி.எஸ். 50. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் நீலம் என்று போட்டிருக்கிறது. இன்று பார்ப்பவர்கள் அவரவர் விருப்பப்படி நிறம் சொல்லலாம். சீட்டு கிழிந்த இடத்தில் யூரியா சாக்கு மடித்துப் போட்டு, சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பெட்ரோல் டேங்க் மூடிக்கு அடியில் ஒரு பனியன் துணி. (அந்தப் பனியன் தனி வழக்கு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

அதைக் கிளப்புவது அவசரக்காரர்கள் வேலை இல்லை. முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். நுனியை உப்புத்தாளால் பதமாகத் தேய்த்து, வாயால் ஊதி, ஒயரில் மாட்டி, இன்ஜின் மேல் சாய்த்து வைத்துப் பெடலை மிதித்தால் இடைவெளியில் பொறி வெட்டும். பொறி நீலமாக இருந்தால் அன்றைக்கு ஊர்வலம் உண்டு. மஞ்சளாக இருந்தால் மறுபடியும் உப்புத்தாள். இத்தனையும் நடக்கும்போது என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வண்டி சத்தம் போட ஆரம்பித்ததும் ஜன்னல் சாத்தப்படும். புகைக்காகச் சாத்துகிறாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வண்டியில்தான் கேழ்வரகு மூட்டை மில்லுக்குப் போனது. புளி மூட்டை சந்தைக்குப் போனது. விடிகாலையில் மொரப்பூர் ரயிலடிக்கு ஆள் ஏற்றிப் போனேன். தலைச்சன் பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்ததும் இதன் பின்சீட்டில்தான். அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். அவளைக் கேட்டால், “இடுப்பு ஒடிஞ்சு போச்சு, வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல” என்பாள்.

வண்டியை எடைக்குப் போடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதைக் காப்பாற்ற நான் எடுத்துவைத்த முதல் வாதம் மாவட்டப் பற்று. 1980-ல் டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து வெளிவந்தபோது ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட் என்று இந்தியாவில் முதலில் வந்தது அதுதான். நம் மண்ணில் பிறந்த பிள்ளையை நாமே எடைக்குப் போடலாமா என்று உருகிக் கேட்டேன்.

“அந்த ஓசூரே 2004-ல கிருஷ்ணகிரியோட போயிடுச்சு. மாவட்டமே பிரிஞ்சு நல்லா இருக்குது. உங்களால ஒரு வண்டியைப் பிரிய முடியலையா?”

இதற்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அவள் ஊத்தங்கரைக்காரி. பெண் பார்க்கப் போனபோது ஒரே மாவட்டம். பிரித்த பிறகு என் மாமியார் வீடு வெளி மாவட்டம் ஆகிவிட்டது. பழசையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிற நான் அந்தப் பிரிவினையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை என்பதை அவள் கவனித்து வைத்திருக்கிறாள்.

போனதை விட மனம் வராதது என் ஒருவன் குணமா என்ன? மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் சின்ன ரயில் விட்டார்கள். 1941-ல் மூடிவிட்டார்கள். அதில் ஏறியே பார்க்காத தலைமுறைகள் மனு மேல் மனுவாகக் கொடுத்து, 2019-ல் புதுப்பாதைக்கு அடிக்கல் நாட்ட வைத்தன. இதை நான் பெருமையோடு சொன்னபோது, “அதுவும் உங்க வண்டி மாதிரிதான், இன்னும் கிளம்பலை” என்று முடித்துவிட்டாள்.

அடுத்து மகாத்மாவைக் கூப்பிட்டேன். 1915-ல் பம்பாய் காங்கிரஸ் சமயத்தில் காந்தி எதையோ தேடு தேடென்று தேடிக்கொண்டிருந்தாராம். என்னவென்று காகா காலேல்கர் கேட்டால், ஒரு துண்டுப் பென்சில். என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள் என்று காலேல்கர் நீட்டியும் காந்தி வாங்கவில்லை. சென்னையில் ஜி.ஏ. நடேசனின் சின்ன மகன் ஆசையாகக் கொடுத்த பென்சிலாம் அது, தொலைக்கவே கூடாதாம். இருவரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தபோது அது இரண்டு அங்குலம்கூட இல்லை. காலேல்கரே எழுதிவைத்திருக்கிற சம்பவம். தமிழ்நாட்டுப் பையன் கொடுத்த துண்டுப் பென்சிலுக்கே அவ்வளவு மதிப்பு என்றால், முழு வண்டிக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

என் மனைவி அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“1901-ல தென்னாப்பிரிக்காவுல இருந்து கிளம்பறப்ப அந்த ஊர் ஜனங்க கஸ்தூரிபாவுக்குன்னு தங்கச் சங்கிலி போட்டாங்களே, அம்பது கினி பெறும். வருங்கால மருமகளுங்களுக்கு ஆகும், குடுக்க மாட்டேன்னு அந்தம்மா அழுதாங்க. விட்டாரா? வாங்கி டிரஸ்ட்டுல வெச்சிட்டாரு. சத்திய சோதனையில அவரே எழுதியிருக்காரு. தன் பென்சிலைக் காணோம்னா ஊரையே தேட வெக்கிறது, பொண்டாட்டி சங்கிலின்னா பொதுச் சொத்தா?”

பொதுவாழ்வில் அன்பளிப்பு வேறு, குழந்தை தந்த பென்சில் வேறு என்று நுணுக்கமாக ஆரம்பித்தேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது விஞ்ஞானம். ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், நம் கையில் இருக்கிற பொருளுக்கு நாம் போடுகிற விலை எப்போதும் அதிகம் என்று ஒரு கொள்கை சொன்னார். சொன்ன வருஷம் 1980! டி.வி.எஸ். 50 வந்த அதே வருஷம். பிறகு டேனியல் கானமன், ஜாக் நெட்ச் இருவரோடும் சேர்ந்து சோதித்தும் பார்த்தார். 1990-ல் அதை வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பையை இலவசமாகக் கொடுத்து, மற்ற பாதிப் பேருக்கு அதை விற்கச் சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் கேட்ட விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இல்லாமல் தரமாட்டோம் என்று கோப்பைக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்களாம். கோப்பை அவர்கள் கைக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. 2017-ல் தேலருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கம்பைநல்லூரில் விசாரித்திருந்தால் கோப்பைச் செலவு மிச்சம்.

இந்தச் சோதனையை வீட்டிலேயே நடத்திப் பார்த்தேன். பரண்மேல் என் மாமியார் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் வெந்நீர் வைத்தது. அடியில் ஊசித்துளை விழுந்து பல காலம் ஆகிறது. அதற்குள் காலி ஐஸ்கிரீம் டப்பாக்கள் குடும்பம் குடும்பமாக அடுக்கியிருக்கும். “பித்தளை நல்ல விலை போகுதாம்” என்று பொதுவாக, காற்றைப் பார்த்துச் சொன்னேன்.

“எங்கம்மா சீட்டுக் கட்டி வாங்கினது” என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசம் இல்லை.

அவள் பரணில் இருந்தால் ஞாபகார்த்தம், என் மரத்தடியில் இருந்தால் அடைசல். எதற்கு எந்தப் பெயர் என்று முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எங்கள் முப்பது சொச்சம் வருஷ இல்லறமே ஓடிக்கொண்டிருக்கிறது. அண்டாவில் இனி தண்ணீர் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். வண்டியில் இனி மூட்டை ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்காகப் பேச வேண்டும்?

அரசாங்கமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. பதினைந்து வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. செய்தித்தாளில் அந்த இடத்தை மடித்து, காபி டம்ளருக்கு அடியில் வைத்து எனக்குக் கொடுத்தாள். போகி வந்தால் இன்னும் கஷ்டம். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று பவணந்தி முனிவர் நன்னூலில் மொழி வழக்குக்குச் சொன்ன விதியை வீட்டுச் சாமானுக்குத் திருப்பிவிட்டு, தொலைக்காட்சியில் காலையிலிருந்தே ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி நிலைப்படியில், மாட்டுக்கொட்டகையில், களத்தில் செருகுவோம். போன தடவை பார்த்தால் வண்டியின் ஹேண்டில்பாரிலும் ஒரு கொத்து தொங்கியது. கேட்டேன். “மிஞ்சிப் போச்சு” என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் இரும்புக்காரர் எங்கள் வாசலில் நின்றுவிட்டார். தள்ளுவண்டி இல்லை, அவரும் டி.வி.எஸ். 50-ல்தான் வருகிறார், அதன் பின்பக்கம் முழுக்க ஊர்ப் பழசு. புங்கமரத்தடிக்குப் போய், சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

“வண்டி வேணாங்க சாமி” என்று அவரே முந்திக்கொண்டார். “இதையெல்லாம் ஒடைச்சா பாவம். என்கிட்ட ஒண்ணு ஓடுது, வூட்ல ஒண்ணு நிக்குது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி அவ தெனமும் சண்டை.” குரலைத் தாழ்த்தினார். “எனக்கு இந்தப் பெடல் மட்டும் குடுப்பீங்களா? ஒரிஜினலு. இப்ப எங்கியும் கெடைக்கல. இருநூறு ரூவா தரேன்.”

பெடல் இல்லாமல் வண்டியை எப்படிக் கிளப்புவது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் சமையலறை ஜன்னல் திறந்தது.

“இருநூறு ஒண்ணுக்கா, ரெண்டுக்கும் சேர்த்தா?”