400 குதிரையும் ஒரு பேரனும்

வாங்கு சாமி, தாராளமா வாங்கு. பனியன் கம்பெனி போட்டு நாலு காசு சேர்ந்துருச்சு. அதைப் பேங்க்ல போட்டா வளரும், தோட்டத்துல போட்டா விளையும். ரெண்டும் உனக்கு ஆகாது. உன்ற அம்மா நேத்துப் போன்ல, "அப்பா, அவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லோணும்"னு ஒரே அழுகை. புத்தி சொன்னாக் கேக்கற வம்சமா நம்முது? அதனால அந்தப் பக்கமே நான் போகல. எனக்குக் குதிரை வாங்கற வித்தை கொஞ்சம் தெரியும், அதை மட்டும் சொல்றேன்.

நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். ரத்தச் செவப்பு, மூக்கு மேல ஓடற குதிரை. ஃபோர்டு மஸ்டாங், 2017 மாடல், 5 லிட்டர் இன்ஜின், எட்டு சிலிண்டர், ஏறக்குறைய 400 குதிரைச் சக்தி. 2016-ல நம்ம நாட்டுக்கு வந்தப்ப டெல்லி ஷோரூம் விலையே 65 லட்சம். இப்ப அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல குடுத்தாப் போதுங்கறான், அதனால லாபம்ங்கறே. லாபமேதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுல குதிரைச் சந்தை கூடுமே, அங்கேயும் பாதி விலைக்கு ஒண்ணு ரெண்டு நிக்கும். அதுங்ககிட்ட மட்டும் கூட்டமே இருக்காது. சந்தைக்கு வந்தவங்க அத்தனை பேரும் விவரம் கெட்டவங்க போல.

மொதல்ல குதிரையைப் பார்க்காதே, கயித்தைப் புடிச்சுட்டு நிக்கறவனைப் பாரு. ஏன் விக்கறீங்கன்னு கேளு. "வெளிநாடு போறோம்", "குழந்தை பொறந்துருச்சு, பின்னாடி உக்கார எடமில்ல", "அடுத்து போர்ஷே எடுக்கறேன்" - இந்த மூணுல ஒண்ணைச் சொல்லுவான். மூணையும் நம்பு, நம்பறதுக்குக் காசா பணமா? அப்புறம் பழைய பில்லுங்களைக் கேளு. வண்டியை நெசமாவே வெச்சு ஆண்டவன் ஆயில் மாத்தின தேதியோட ஃபைலைத் தூக்கி மடியில போடுவான். "எல்லாம் கம்பெனி சர்வீஸ்தாங்க"ன்னு சொல்லிட்டுப் பில்லை மட்டும் நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறேங்கறவனுக்கு அந்த நாளைக்கு வராது.

மீட்டர் 18,000 கிலோமீட்டர்னு காட்டுதுன்னு குதிக்கறயே, மீட்டருக்கு என்ன, சொல்லிக் குடுத்ததைச் சொல்லும். டிரைவர் சீட்டுல ஏறி எறங்கற ஓரம், ஸ்டீயரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர் இதெல்லாம் எவ்வளவு தேஞ்சிருக்குதுன்னு பாரு. மீட்டர் சொல்றது நெசமாவே இருந்தாலும் அது பெருமைங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஓடின குதிரையில தப்பில்ல, கட்டியே போட்ட குதிரைதான் வில்லங்கம். வருஷக்கணக்கா ஷெட்டுல நின்ன வண்டியில ரப்பர் சீல் காஞ்சு ஆயில் கசியும், டேங்க்ல பெட்ரோல் கெட்டிருக்கும், பேட்டரி செத்திருக்கும். எலி வயரைத் தின்னிருந்தா, எந்த வயர்னு தேடறதுக்கே மெக்கானிக் ஒரு வாரக் கூலி வாங்குவான். வாராவாரம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஓட்டி, ஆயிலும் பிரேக்கும் ஒழுங்கா மாத்தினவன் வண்டியா, பூப்போட்ட துணி மூடி வெச்ச வண்டியான்னு கேட்டா நான் மொதல்தைத்தான் எடுப்பேன். சொன்னா உனக்குக் கசக்கும்.

தானமாக் குடுத்த மாட்டைத்தான் பல்லைப் புடிச்சுப் பார்க்கக் கூடாது. நீ லட்சக்கணக்குல எண்ணிக் குடுக்கறே, வாயைப் பொளந்தே பார்க்கலாம். டயரோட பக்கவாட்டுல ஒரு சின்ன முட்டைக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அஞ்சாறு வருஷம் தாண்டின ரப்பரை நம்பி இத்தனை வேகத்துல போகக் கூடாது. முன்னாடி ரெண்டும் பழசு, பின்னாடி ரெண்டும் புத்தம் புதுசுன்னா இன்னொரு கதையும் தெரியும். இது பின்சக்கரம் இழுக்கற வண்டி. சிக்னல்ல நின்ன எடத்துலயே சக்கரத்தைச் சுத்த விட்டு, பொகை கெளப்பிப் படம் புடிச்சிருப்பான் அந்தப் புண்ணியவான். நாலு டயரும் நாலு கம்பெனின்னா, ஓனருக்கு அப்பவே மூச்சு வாங்கிருச்சுன்னு அர்த்தம். டயர்ல மிச்சம் புடிச்சவன் கியர் ஆயில்ல வாரி வழங்கியிருப்பானா?

உன்ற சிநேகிதன் எவனோ காந்தத்தை வெச்சுப் பார்க்கச் சொன்னான்னயே. பட்டி பூசி டிங்கரிங் பண்ணின எடத்துல காந்தம் ஒட்டாதுங்கறது சரிதான். ஆனா இந்த மாடலுக்குப் பானட்டும், முன்னாடி ரெண்டு பக்க மட்கார்டும் அலுமினியம். அதுல காந்தம் எந்தக் காலத்துலயும் ஒட்டாது. நீ வெச்சுப் பார்த்துட்டு "அடிபட்ட வண்டி"ன்னு சத்தம் போடுவே. புரோக்கர் சிரிச்சுக்கிட்டே உன்ற விவரம் எத்தனைன்னு அளந்துக்குவான். விலை அங்கேயே ஏறிரும். பெயிண்ட் கனம் பார்க்கற மீட்டர்னு ஒண்ணு இருக்குது, அலுமினியத்துக்கும் வேலை செய்யறதா பார்த்து எடுத்துட்டு வா. கம்பெனி பெயிண்ட் 100, 150 மைக்ரான் பக்கம் நிக்கும். ஒரு கதவு மட்டும் 500-ன்னு காட்டினா, பேரம் பேசறதுக்கு முன்னாடி அந்தக் கதவோட கதையைக் கேளு.

மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்காதேம்பாங்க. ஆத்துல எறங்கி எந்திரிச்சு வந்த குதிரை அதைவிட மோசம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்குச் சென்னையில எத்தனை காருங்க முங்கி நின்னுச்சுன்னு டிவியில பார்த்தே. முழு நஷ்டம்னு இன்சூரன்ஸ்காரங்க ஒதுக்கின வண்டியை ஏலத்துல எடுத்து, தொடைச்சு, வெளியூர்ல தள்ளற ஆளுங்க இருக்காங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு. தெனமும் போடற அளவு வரைக்கும் பளிச்சுனு இருக்கும். உள்ள சுருண்டு கெடக்கற கடைசி முழத்துல சேத்துக் கோடு தெரியும். அங்க எவனும் சோப்புப் போட மாட்டான். சீட்டு நகர்ற கம்பியில துரு இருக்குதான்னு கையை விட்டுத் தடவு. டிக்கியில அடித்தட்டைத் தூக்கு. உள்ள சென்ட் வாசம் மூக்கைத் தொளைச்சா ஒரு கும்புடு போட்டுட்டுத் திரும்பி வந்துரு.

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிரு. போனதும் பானட்டைத் தொட்டுப் பாரு. சுட்டுச்சுன்னா, குளிர்ந்த இன்ஜின் போடற சத்தத்தை நீ கேக்கக் கூடாதுன்னு ஒருத்தன் வெடியாலயே எந்திரிச்சிருக்கான். ஸ்கேனர் வெச்சிருக்கற மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ. கோளாறே இல்லைன்னு காட்டினாலும், பரிசோதனை எதுவும் இன்னும் முடியலைன்னு சேர்த்துக் காட்டினா, காத்தால யாரோ கோளாறுப் பதிவையெல்லாம் அழிச்சிருக்கலாம். அம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி செருகிப் பார்க்கோணும்.

நம்பர் பிளேட் பாண்டிச்சேரின்னயே. அழகான ஊரு. 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சு ஓட்டினா நம்ம ஊர் நம்பருக்கு மாத்தோணும்ங்கறது மத்திய மோட்டார் வாகனச் சட்டம். என்ஓசி வாங்கோணும், இங்க ஆயுள் வரி கட்டோணும். பாண்டிச்சேரியில வரி கம்மின்னு அவன் மிச்சம் புடிச்சதை ஆர்டிஓ ஆபீஸ் கவுன்டர்ல நீ கட்டுவே. லோன் பாக்கி இருக்குதான்னு ஆர்சியில பாரு. பேரையும் உடனே மாத்து. ஆர்சியில எவன் பேர் இருக்குதோ அவன்தான் விபத்துக்கு நஷ்ட ஈடு குடுக்கோணும்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அதனால உன்னைவிட விக்கறவனுக்குத்தான் அவசரம் இருக்கோணும். அவன் "மெதுவாப் பார்த்துக்கலாங்க"ன்னா, வில்லங்கம் வேற எங்கயோ படுத்திருக்குது.

அப்புறம் தீனி. ஃபோர்டுதான் மறைமலை நகர்ல இருக்குதேங்கறே. இது அங்க செஞ்ச வண்டி இல்ல சாமி, அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் ஃப்ளாட் ராக் ஆலையில செஞ்சு கப்பல்ல வந்தது. அந்தக் கம்பெனியும் 2021-ல இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தறோம்னு அறிவிச்சுருச்சு. சர்வீஸ் உண்டுன்னு சொல்றாங்க. முன்னாடி லைட்டு ஒண்ணு ஒடைஞ்சா எத்தனை நாள்ல வரும், என்ன விலைன்னு வாங்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோ. டவுனுக்குள்ள லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் குடுத்தா பெட்ரோல் பங்குக்காரன் உனக்கு மாலை போடுவான். வேகத்தடை 10 சென்டிமீட்டர் ஒசரம் இருக்கோணும்னு விதி. நம்ம ஊர்ல பஞ்சாயத்துக்காரங்க போட்டது அவங்க கௌரவத்து ஒசரம். அந்த வண்டியோட வயிறு அதுல ஒரசாம என்ற ஊட்டு வாசல் வந்து சேராது.

என்ற முடிவைக் கேட்டயே. கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் பில்லு இருக்கற வண்டி, பேர் சுத்தமான ஆர்சி, உள்ளூர் நம்பர், இது மூணும் அமைஞ்சா வாங்கு. விலையில அஞ்சுல ஒரு பங்கை ரிப்பேர் செலவுக்குத் தனியா எடுத்து வெச்சுட்டு வாங்கு. இதுல எது இல்லைன்னாலும் வேடிக்கை பார்த்துட்டு வா. வேடிக்கைக்கு ஆயுள் வரி கெடையாது.

நெசமாப் போறதா இருந்தா, ஞாயித்துக்கெழமை வெடியால வந்து என்னைக் கூட்டிக்கோ. கசங்கின வேட்டியோட வாரேன். கெழவனுக்கு என்ன தெரியும்னு புரோக்கர் என்ற முன்னாடியே எல்லாத்தையும் பேசிருவான். நீ வாயைத் தெறக்காதே, விலையைத் துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு நான் பேசிக்கறேன். படிஞ்சா முன்சீட்டு எனக்கு. உன்ற அம்மா கேட்டா, வண்டி அப்புச்சியோடதுன்னு சொல்லிரு.