பேத்திக்காகத்தான்: திருச்சி–ஸ்ரீரங்கம் வட்டாரத்து வாசிப்புச் சால்ஜாப்புகள் குறித்து ஒரு முன்னாய்வு

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி என்று அளந்து எழுதிவிட்டார்கள். மலைக்கோட்டைப் படிகளை எண்ணி, எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டையும் போட்டாயிற்று. ஆனால் சத்திரம் பேருந்து நிலையத்தில் நம்பர் 1 பஸ் ஏறுகிற ஐம்பத்தைந்து வயதுக்காரர், விரித்துப் பிடித்த நாளிதழுக்குள் எதை வைத்து வாசிக்கிறார் என்பது பற்றித் தமிழில் ஒரு வரி ஆய்வு கிடையாது. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. நிதியுதவி யாரும் தரவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

முதலில் வரையறை. அட்டையில் குதிரை, இளவரசி, பேசும் குரங்கு, பதினாறு வயதுக் கதாநாயகன் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்படுவதும், வாசலில் ஆள் வந்த சத்தம் கேட்டால் தலையணைக்கு அடியில் போவதும் இங்கே சிறுவர் நூல் எனப்படும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அல்லது சாப்பிட வேண்டியிருந்தும் டாக்டரிடம் போகாதவர், வளர்ந்தவர் எனப்படுவார். இவ்விரண்டும் கூடும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது. அதுதான் சால்ஜாப்பு. அதுவே நம் ஆய்வுப்பொருள்.

எண்ணிக்கை கேட்கும் அறிஞர்களுக்கு ஒரு சொல். இந்தத் துறையில் எண்ண முடியாது. ஆய்வாளர் நோட்டுப் புத்தகத்தை எடுத்த மாத்திரத்தில் ஆய்வுக்கு உட்பட்டவர் தன் புத்தகத்தை மூடிவிடுகிறார். ஆனாலும் வெளிநாட்டில் துணிந்து எண்ணியிருக்கிறார்கள். 2012இல் பௌக்கர் என்ற நிறுவனம் அமெரிக்காவில் பார்த்தபோது, பதின்பருவத்தினருக்கென்றே எழுதப்படும் நாவல்களை வாங்குகிறவர்களில் 55 விழுக்காட்டினர் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் என்று தெரியவந்தது. யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானோர் ‘எனக்காகத்தான்’ என்றார்களாம். இப்படி ஒரு பதில் மேலச்சித்திரை வீதியிலிருந்து வரவே வராது. அங்கிருந்து கிடைத்த பதிலை உள்ளபடியே பதிவு செய்கிறேன். பதிலளித்தவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், இடம் அவருடைய திண்ணை, கையில் டிராகன் அட்டை போட்ட புத்தகம்.

“என்ன மாமா வாசிக்கறேள்?”

“ஒண்ணுமில்லடா. பேத்திக்கு நன்னாயிருக்குமான்னு பார்க்கறேன்.”

“பேத்தி நியூஜெர்சியில இருக்காளே. தமிழ் படிக்க வருமோ?”

“வராது. அதனாலதானே நான் படிச்சுச் சொல்லணும்.”

“எப்போ சொல்லுவேள்?”

“அங்க விடியட்டும்.”

இதற்குப் பேத்திச் சால்ஜாப்பு என்று பெயரிடலாம். இதன் சிறப்பு, பேத்தி இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லாதது. திருமணமாகாதவர்கள் அக்கா பிள்ளையைக் காட்டுகிறார்கள். அக்காவும் இல்லாதவர்கள் ‘மொழிநடை எப்படியிருக்குன்னு பார்த்தேன்’ என்கிறார்கள்.

இந்தப் பண்பாடு எங்கிருந்து வந்தது? மேல்நாட்டுப் பாதிப்பு என்று சிலர் சொல்லக்கூடும். ஏற்பதற்கில்லை. சால்ஜாப்புக் கலைக்கு இந்த ஊரில் தெய்வீக முன்மாதிரியே உண்டு. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்குப் போகிறார். அங்கே கமலவல்லி நாச்சியார், சோழ ராஜகுமாரி. சேர்த்தி முடித்துத் திரும்பி வந்தால் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுகிறாள். மட்டையடி என்று ஊரே கூடி நின்று பார்க்கிற உற்சவம் இது. உள்ளேயிருந்து கேள்விகள் வருகின்றன. கண் ஏன் சிவந்திருக்கிறது? உலகத்தைக் காக்க இரவெல்லாம் விழித்திருந்தேன். முடி ஏன் கலைந்திருக்கிறது? காற்று. நெற்றியில் கஸ்தூரி கரைந்திருக்கிறதே? வெயில். விரலில் மோதிரம் எங்கே? தொலைந்துவிட்டது, அதைத் தேடித்தான் போனேன்.

ஒவ்வொரு பதிலையும் ஆய்வு நோக்கில் பார்க்க வேண்டும். விடிய விடிய ஒரு நாவலை முடித்துவிட்டுக் காலையில் சிவந்த கண்ணோடு காபிக்கு வந்து உட்காருகிற மனிதர், “ஆடிட்டுடி, ராத்திரி பூரா வேலை” என்கிறாரே, அது உலகத்தைக் காத்த பதிலின் நேர் வாரிசு. வேறுபாடு ஒன்றுதான். பெருமாளுக்குச் சமாதானம் பேச நம்மாழ்வார் வருகிறார், கதவும் திறக்கிறது. நம்மவருக்கு யாரும் வருவதில்லை, காபி மட்டும் ஆறிப்போய் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மட்டையடியைப் பார்க்க வருகிற மாமிகள், மாமாக்கள் யாருக்கும் கதை தெரியாமல் இல்லை. போன வருஷமும் கதவு சாத்தியது, போன வருஷமும் திறந்தது. இருந்தும் ‘இந்தத் தடவை என்ன ஆகுமோ’ என்ற முகத்தோடு நெருக்கியடித்து நிற்கிறார்கள். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வரும் இராப்பத்தில் வேடுபறியன்று திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார். அதற்கும் இதே கூட்டம். டில்லி சுல்தானின் மகள் விக்கிரகத்தின் மேல் காதல் கொண்டு ஸ்ரீரங்கம் வரை வந்த கதைக்காக இன்றும் ரொட்டி நைவேத்தியமாகிறது. அதைப் பற்றித் தனி நூலே எழுதலாம், இங்கே இடமில்லை. இளவரசி, கொள்ளைக்காரன், தொலைந்த மோதிரம், சாத்திய கதவு. இவ்வளவையும் வருஷா வருஷம் வெட்கமில்லாமல் பார்த்துவிட்டு வந்து, இவையே நூற்றிருபது பக்கத்தில் வண்ண அட்டையோடு வந்தால் மட்டும் நாளிதழுக்குள் செருகுவானேன்?

விடை அச்சில் இருக்கிறது. அதற்கு முன் வீட்டமைப்பைப் பார்க்க வேண்டும். 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கின் ஒரு சொற்பொழிவாற்றினார். தேவதைக் கதைகள் குழந்தைகளுக்கே உரியவை என்பது பொய், பெரியவர்களுக்கு வேண்டாமற்போன பழைய மேசை நாற்காலி குழந்தைகள் அறைக்குப் போய்ச் சேருவதுபோல அவையும் அங்கே தள்ளப்பட்டன என்பது அவர் கட்சி. நல்ல வாதம், ஆனால் உத்தர வீதிக்குப் பொருந்தாது. அங்கே குழந்தைகள் அறை என்று ஒன்று இருந்ததே இல்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை. பாட்டி கூடத்தில் பிசைந்த சாதத்தை உருண்டை உருண்டையாகக் குழந்தைகள் கையில் வைத்துக்கொண்டே ராட்சசன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருந்ததைச் சொன்னால், ஊஞ்சலில் கண்ணை மூடியிருக்கும் தாத்தாவுக்கும் அது கேட்கத்தான் கேட்கும். பாட்டி நடுவில் எதையாவது விட்டுவிட்டால் ஊஞ்சல் நின்றுவிடும். “கிளிக்கு முன்னாடி ஒரு பொந்து உண்டே?” தாத்தா தூங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

இந்தக் கதைகளை முதலில் எழுத்தில் பிடித்தவர்களில் ஒருவர் நம் திருச்சிச் சீமைக்காரர்தான். பண்டிதர் நடேச சாஸ்திரி, 1859இல் பிறந்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர். 1880களில் தென்னிந்திய நாட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார், மதனகாமராஜன் கதையையும் 1886இல் ஆங்கிலமாக்கினார். அவர் சொல்லும் ஒரு கதையில் பத்து ஜவுளி வியாபாரிகளை மூன்றே திருடர்கள் மடக்கி, துணியெல்லாம் பறித்து, ஆளுக்கொரு கந்தலை விட்டுவைத்து, போதாததற்கு ஆடச் சொல்கிறார்கள். வியாபாரிகளில் ஒருவன் பாட்டுப் பாடுகிற சாக்கில் ஜவுளிக்காரர்களின் குழூஉக்குறியில் கணக்குச் சொல்கிறான்: ஒருத்தனை மூன்று பேர் சூழ்ந்துகொள்ளுங்கள், மிச்சமிருக்கும் பத்தாவது ஆள் கட்டட்டும். ஆடிக்கொண்டே மடக்கிப் பிடிக்கிறார்கள். லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல் போட்ட இந்தியத் தேவதைக் கதைகளுக்குச் சாஸ்திரியின் சரக்கும் பயன்பட்டது. அது அங்கே குழந்தைகள் புத்தகம். இங்கே சாஸ்திரியும் அவர் காலத்து ஜனங்களும் இதைக் குழந்தை விஷயமாக நினைத்ததாகத் தெரியவில்லை. அதே மனிதர்தான் தமிழில் துப்பறியும் கதைக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர்.

இன்னொரு சான்று கண்ணுக்கு நேரே இருக்கிறது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. எழுத்தை ஏன் பெரிதாகப் போட்டார்கள்? எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும், விளக்கடியில் கண் இடுக்குகிற கிழவருக்கும் வசதியாக. வேதாளத்தைத் தோளில் தூக்கியவன் விக்கிரமாதித்தன், அவனைத் தூக்கியவர்கள் வெள்ளெழுத்துக்காரர்கள். 1947 ஜூலையில் அம்புலிமாமா வந்த பிறகுதான் வேதாளம் ஒழுங்காகச் சிறுவர் பகுதிக்குக் குடிபோயிற்று. ஓவியர் சங்கர் வரைந்த அந்தச் சுடுகாட்டுப் படத்தை மறக்க முடியுமா? தபால்காரர் கொண்டு வந்ததும் முதலில் பிரித்தவர் வீட்டுப் பெரியவர்தான். குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் சந்தா குழந்தை பேரில். சால்ஜாப்பின் தோற்றுவாய் இந்தச் சந்தாச் சீட்டுதான் என்பது என் துணிபு.

மறைப்பு உத்திகளுள் தலையாயது உறை. லண்டன் ப்ளூம்ஸ்பரி நிறுவனத்தார் 1998இல் ஹாரி பாட்டருக்கு, உள்ளே ஒரு எழுத்தும் மாற்றாமல், பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டு விற்றார்கள். ரயிலில் வாசிக்கிறவர்களின் மானம் காப்பாற்றப்பட்டது. நாம் அதற்கு முன்பே பழுப்புத்தாள் உறை கண்டவர்கள் என்றாலும், உறைகளிலெல்லாம் கெட்டியானது சரித்திரம். திருச்சி நேஷனல் பள்ளியில் படித்து 1921இல் ஒத்துழையாமைக்காகப் படிப்பைத் துறந்த ஒரு பையன் பிற்பாடு கல்கி ஆனார். 1950 முதல் 1954 வரை அவர் எழுதிய பொன்னியின் செல்வனை நம் வரையறையில் வைத்துப் பாருங்கள். குதிரை உண்டு. இளவரசி ஒன்றுக்கு மேல். துடுக்கு வாயால் மாட்டிக்கொள்ளும் வாலிபன், சுரங்கப்பாதை, பெரியவர்கள் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள். பதின்பருவ நாவலுக்கு வேண்டிய இலட்சணம் அத்தனையும் பொருந்தியிருக்கிறது. ஆனால் இதை ஐந்தாம் முறை வாசிக்கிறவர் தலையணை தேடுவதில்லை. “சோழர் வரலாறு” என்று நிமிர்ந்து உட்காருகிறார். சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ விஷயத்தில் இதே தந்திரம் உள்ளூர் வடிவம் எடுக்கிறது. “கதையா இது? எங்க தெருவுல நடந்ததாக்கும்.” சம்பவம் நடந்த தெருவாக வெவ்வேறு தெருக்காரர்கள் வெவ்வேறு தெருவைக் காட்டுகிறார்கள்.

பழங்கதையை மாற்றிச் சொல்வது பற்றியும் ஒரு சொல். மந்திரவாதக் கிழவியின் பக்கத்திலிருந்து ஓஸ் கதையைத் திருப்பிச் சொன்ன கிரெகரி மெக்வயரின் ‘விக்கெட்’ 1995இல் வந்தபோது புதுமை என்றார்கள். திருச்சியில் இது தினசரி வேலை. ராமர் கொடுத்த ரங்க விமானத்தோடு இலங்கைக்குப் போன விபீஷணன், காவிரிக்கரையில் ஒரு சின்னப் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டு அனுஷ்டானத்துக்குப் போகிறான். பையன் கீழே வைத்துவிடுகிறான். ஸ்ரீரங்கத்தில் கேட்டால் கதை இத்தோடு முடிகிறது: பெருமாள் தங்கிவிட்டார், விபீஷணன் இருக்கும் தெற்கைப் பார்த்தபடி பள்ளிகொண்டார், சுபம். மலைக்கோட்டையில் கேட்டால் பாதிக் கதைதான் ஆகியிருக்கிறது. பையன் ஓடுகிறான், மலை ஏறுகிறான், விபீஷணன் துரத்திப் பிடித்து நெற்றியில் ஒரு குட்டு, பையன் பிள்ளையார். உச்சிப் பிள்ளையார் நெற்றியில் அந்த வடு உண்டென்று சொல்வார்கள். கோகர்ணத்தில் ஆத்மலிங்கத்தை வைத்துக்கொண்டு இராவணன் ஏமாந்ததும் இதே பையனிடம், இதே முறையில். ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு பாடமும் கற்றுக்கொள்ளாமல் ஏமாந்ததைப் பற்றி விபீஷணன் பக்கத்திலிருந்து யாராவது நாவல் எழுதினால், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன். அண்ணன் பேரனுக்கு.

இறுதியாக ஒரு முரண். சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் இன்று வழவழ தாளில், கெட்டி அட்டையில், பையனின் கைச்செலவுக் காசுக்கு எட்டாத விலையில் வருகின்றன. வாங்குகிறவர்கள் அன்று அரைக்கால் சட்டை போட்டிருந்த அதே ஆட்கள். அப்படியானால் இன்றைய பையன்கள் என்ன வாசிக்கிறார்கள்? தில்லைநகர்ப் பக்கம் பயிற்சி வகுப்பு விட்டு வருகிற பதினான்கு வயதுக்காரனின் பையில் இருப்பது பௌதிகம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே எதிர்கால ஆய்வுக்குரிய களம்.

அக்களத்தில் கிடைத்த முதல் தரவை மட்டும் இங்கே வைக்கிறேன். உறையூரில் ஒரு வீட்டில், பௌதிக கைடுக்குள்ளிருந்து டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் புத்தகம் ஒன்று தாயாரால் கைப்பற்றப்பட்டது. பையன் வாக்குமூலம்: “தாத்தா கேட்டாரும்மா, அவருக்காகத்தான்.” தாத்தா வாக்குமூலம்: “நான் எதுக்கும்மா கேக்கப் போறேன், பய ஆசைப்பட்டானேன்னு வாங்கினேன்.” பறிமுதலான புத்தகம் இதுவரை யாரிடமும் திருப்பித் தரப்படவில்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தருவதாகத் தாயார் தெரிவித்திருக்கிறார். இந்த வகைச் சால்ஜாப்பு ஆய்வாளர் பட்டியலில் இதுவரை இல்லை. சேர்த்துக்கொள்ளப்படுகிறது.