நாற்காலியில் வீட்டுக்காரர்

விருத்தாசலத்தில் பெண் பெருமைக்குப் பஞ்சமில்லை. பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுத்தவர் செம்பியன் மாதேவி. மேடைக்கு மேடை முழங்குவார்கள். ஒன்றை மட்டும் விழுங்கிவிடுவார்கள்: அவர் கைம்பெண். கண்டராதித்த சோழர் போன பிறகுதான் ஊர் ஊராகக் கோயில் எடுத்தார். அந்த அம்மாள் இன்று எதிரே வந்தால் சகுனம் பார்த்து ஒதுங்குவார்கள். குடமுழுக்கு நோட்டீஸில் மட்டும் ‘பேரரசியார்’ என்று அச்சடிப்பார்கள்.

அவராவது அரசி. வந்தவாசிப் பக்கம் வேடலில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் ஆதித்த சோழன் காலம். கனகவீரக் குரத்தியார் என்ற சமணத் துறவிக்கு 500 மாணவியர். இன்னொரு பக்கம் 400 பெண் துறவிகள். இரு தரப்புக்கும் தகராறு. குரத்தியாரையும் மாணவியரையும் காத்துச் சோறு போடுவதாக ஊரார் ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டினார்கள். வீட்டுக்காரர் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

செம்பியன் மாதேவி காலத்திலேயே ஜெர்மனியில் குவெட்லின்பர்க் மடத்தலைவி மாட்டில்டா இருந்தார். 997இல் பேரரசன் மூன்றாம் ஓட்டோ இத்தாலிக்குப் போனபோது நாட்டை அவரிடம்தான் ஒப்படைத்தான். நம் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களின் தலைவர் வரிசையைப் பாருங்கள். மருந்துக்கும் ஒரு பெண் இல்லை.

2023இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். உடனே பலருக்கு ஆகமம் நினைவுக்கு வந்தது. இதே விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடுபோய், கடல் தாண்டி, சிட்னி கலைக்கூடத்தில் விலைபோனபோது அந்த ஆகமம் எங்கே தூங்கியது? 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். பாதிப் பெண்ணான சாமியைக் காக்கத் துப்பில்லை. முழுப் பெண் கருவறைக்குள் வந்தால் மட்டும் தீட்டு.

அரசியல் இதற்கு இளைத்ததா? 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். மேடையில் தாய்க்குலம், பட்டியலில் தந்தைக்குலம்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பலகையில் அம்மா பெயர். நாற்காலியில் வீட்டுக்காரர். காசோலையில் மட்டும் அம்மா கையெழுத்து. தணிக்கையில் மாட்டினால் முழுப் பொறுப்பும் அம்மாவுக்கே. அப்போது ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை செய்ய மண் குழைக்க வேண்டும், அச்சில் வார்க்க வேண்டும், சூளையில் சுட வேண்டும். நம் கட்சிகளுக்கு ஒரு வேட்புமனு போதும்.